சாவி யார் கையில்? அரபு ஊர்ச் சந்தைகளின் பெயர்கள் பற்றி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்போது மஸ்கட்டிலும் தோஹாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் போடும் படங்களில் 'சூக்' என்று எழுதிய பலகை அடிக்கடி வருகிறது. கீழே யாராவது ஒரு சித்தியோ மாமாவோ "எந்த பஜார்டா தம்பி இது?" என்று கேட்டிருப்பார்கள். சூக், பஜார், கான், கைசரிய்யா, ஃபுந்துக், வகாலா என்று பெயர்கள் பல. எல்லாவற்றையும் 'சந்தை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்தான். ஆறாம் வகுப்புக்கு அது போதும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இவை ஒன்றல்ல. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஏற்பாடு இருந்தது. இரவில் கதவு உண்டா, பூட்டு உண்டா, சாவி யார் கையில், சரக்கு காணாமல் போனால் யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விகளுக்கு அந்த ஊர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த பதில்கள்தான் இந்தப் பெயர்கள் என்பது என் எண்ணம்.

முதலில் சூக். இது அரபிக்கும் முந்திய சொல். பழைய மெசபொடேமியாவின் அக்காடிய மொழியில் 'சூக்கு' என்றால் தெரு. அரமாயிக் மொழி வழியாக அரபிக்கு வந்து சந்தை ஆயிற்று. எபிரேயத்தில் இன்றும் 'ஷூக்' என்கிறார்கள். நாம் 'கடைத்தெரு' என்கிறோமே, அதுபோலத் தெருவும் வியாபாரமும் ஒன்றாகக் கலந்த சொல். ஆகவே சூக் என்பதற்கு அடிப்படையில் கதவே கிடையாது.

கட்டடம்கூட வேண்டியதில்லை. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் தாயிஃப் நகருக்கு அருகே உக்காழ் என்ற இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சூக் கூடும். போர் செய்யக்கூடாது என்று அரபுக் குலங்கள் ஒப்புக்கொண்டிருந்த மாதத்தில் அது நடக்கும். அதனால் பகையாளிகளும் பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் போட்டு வியாபாரம் செய்தார்கள். கவிஞர்கள் வந்து பாடிப் போட்டியிட்டார்கள். பூட்டு இல்லை, காவல் இல்லை. அந்த மாதம்தான் காவல்.

வாரச் சந்தைகளும் இப்படித்தான். மொராக்கோ வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஊர்ப் பெயர்களில் கிழமைகள் வரும். 'சூக் அல் அர்பஆ' என்றால் புதன் சந்தை. சவூதியில் 'கமீஸ் முஷைத்' என்றொரு நகரம் இருக்கிறது. கமீஸ் என்றால் வியாழன். பாக்தாத் நகரம் கட்டப்படுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஒரு செவ்வாய்ச் சந்தை இருந்தது. தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பே. அவர்கள் மொழியில் அதற்குத் திங்கட்கிழமை என்று பொருள். திங்கள்தோறும் சந்தை கூடிய கிராமம் ஒரு நாட்டின் தலைநகரமாக வளர்ந்திருக்கிறது. நம் குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைக்காரர்கள் இதைப் படித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

நபிகள் நாயகம் மதீனாவில் அமைத்துக் கொடுத்த சந்தையைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. அது வெறும் திடல். யாரும் அங்கே நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளக் கூடாது, வரி வாங்கக் கூடாது. பள்ளிவாசலில் முதலில் வந்தவர் முதலில் உட்காருவதுபோல, அன்றைக்கு முதலில் வந்தவருக்கு அன்றைக்கு அந்த இடம் சொந்தம். சாவி என்ற பேச்சே எழாத ஏற்பாடு.

வளைகுடாவில் இருப்பவர்கள் தினம் பார்க்கும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தோஹாவின் 'சூக் வாகிஃப்' என்றால் நிற்கும் சந்தை. மஸ்கட் முத்ராவின் பழைய சூக்குக்கு 'சூக் அல் ழலாம்' என்று பெயர், அதாவது இருட்டுச் சந்தை. சந்துகள் அவ்வளவு குறுகல்; மேலே கூரை; வெயில் உள்ளே இறங்காது. அந்த ஊர் வெயிலில் இருட்டு என்பது குறை அல்ல, வசதி!

பஜார் அரபிச் சொல் அல்ல, பாரசீகம். இஸ்லாத்துக்கு முன்பே ஈரானில் 'வாஸார்' என்று வழங்கியது. முகலாயர் காலத்து ஆட்சி மொழி பாரசீகமாக இருந்ததால் இந்தியா முழுக்கப் பரவி, பர்மா பஜார் வரை வந்துவிட்டது. ஈரானியர் தங்கள் பஜாருக்குள்ளேயே ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நேராக ஓடும் கடைவரிசை 'ராஸ்தே'. இரண்டு வரிசைகள் வெட்டிக்கொள்ளும் குவிமாட நாற்சந்தி 'சஹார்சூ'. நான்கு பக்கம் என்று பொருள். விலையுயர்ந்த கம்பளங்கள் விற்கும் கூரையிட்ட உள்முற்றம் 'தீம்சே'. தப்ரீஸ் நகரத்து பஜாரில் இவை அத்தனையும் இன்றும் உண்டு. 2010-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த 'சஹார்சூ'தான் துருக்கிக்குப் போய் 'சார்ஷி' ஆகி, இஸ்தான்புல்லின் 'கபாலிசார்ஷி' ஆயிற்று. மூடிய சந்தை என்று பொருள்.

இனி சந்தைக்குள் நுழைவோம். பழைய நகரங்களில் பெரிய பள்ளிவாசலைச் சுற்றிக் கடைகள் அமைந்த விதத்தில் ஒரு முறை தெரியும். வாசலை ஒட்டி வாசனைப் பொருள், மெழுகுவர்த்தி, புத்தகம். அதற்கு அடுத்து துணியும் தோல் சாமானும். தட்டார், கொல்லர் எல்லாம் இன்னும் தள்ளி. தோல் பதனிடுவோர், சாயமிடுவோர், குயவர் ஊர் ஓரத்தில். எல்லா ஊரிலும் கோடு போட்டதுபோல இப்படியே இருந்ததில்லை, ஆனால் நாற்றமும் சத்தமும் புகையும் தொழுகைக்கு இடைஞ்சலாகக் கூடாது என்ற எண்ணம் பொது. துனிஸ் நகரத்தில் ஸைத்தூனா பள்ளிவாசலை ஒட்டியே 'சூக் அல் அத்தாரீன்' இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அத்தார் என்றால் வாசனைப் பொருளும் மருந்துச் சரக்கும் விற்பவர். நம் ஊரில் திருமணப் பந்தலில் பூசுகிறோமே அத்தர், அதே வேர்ச்சொல்.

தொழிலின் பெயரில் தெரு வைப்பதில் ஒரு வேடிக்கை நடக்கும். தொழில் போய்விடும், பெயர் நின்றுவிடும். கெய்ரோவின் 'நஹ்ஹாஸீன்' செம்புப் பாத்திரக்காரர் தெரு. 'கயாமிய்யா' கூடாரம் தைப்பவர் தெரு. இன்றும் அங்கே துணியில் ஒட்டுவேலை செய்கிறார்கள். 'சுக்கரிய்யா' சர்க்கரையின் பெயரால் வந்தது. நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸ் 1957-இல் ஒரு நாவலுக்கு இந்தத் தெருவின் பெயரையே வைத்தார்.

வேடிக்கையாக இல்லாத பெயரும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். துனிஸில் 'சூக் அல் பெர்கா' என்று ஒரு சந்தை. இன்று நகைக்கடைகள், கண்ணாடிப் பெட்டிகள், தங்கச் சங்கிலிகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசுப் தேய் கட்டியது. அங்கே விற்றது மனிதர்களை. நடுவில் மேடை போட்டு அடிமைகளை ஏலம் விட்ட இடம் அது. 1846-இல் துனிசிய ஆட்சியாளர் அஹ்மத் பேய் அடிமை முறையையே ஒழித்தார். அங்கே வளையல் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் இதைச் சொல்லாது. எல்லாப் பெயரும் உண்மையை உரக்கச் சொல்லிவிடும் என்று நினைக்காதீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பெயருக்கு வருகிறேன். கைசரிய்யா.

அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். சீசர்! ரோமப் பேரரசர்களின் பட்டப்பெயர் கிரேக்கத்தில் 'கைசர்'. பேரரசருக்கு உரிய சந்தைக் கட்டடம் என்ற பொருளில் பைசாந்தியர் காலத்தில் வழங்கிய சொல்லை, சிரியாவைப் பிடித்த அரபியர் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. கட்டடத்தைப் பிடித்தவர்கள் பெயரை மாற்றவில்லை. ஈராக்கின் எர்பில் முதல் மொராக்கோவின் ஃபெஸ் வரை, இடையில் எத்தனையோ அரசுகள் மாறியும், ரோமச் சீசர் பெயரில் முஸ்லிம் வியாபாரிகள் பட்டு விற்றார்கள், விற்கிறார்கள்.

சூக்குக்கும் கைசரிய்யாவுக்கும் என்ன வித்தியாசம்? கதவு. கைசரிய்யா என்பது கூரையிட்ட, வாசல் வைத்த, இரவில் பூட்டப்படும் வளாகம். உள்ளே பட்டு, தங்கம், உயர்ந்த துணி போன்ற விலைமதிப்புள்ள சரக்கு மட்டும். மாலையில் வியாபாரிகள் வெளியேறிவிடுவார்கள். கதவு சாத்தப்படும். காவலர் மட்டும் நிற்பார். தன் கடையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதற்காக வியாபாரி வாடகை கொடுத்தார். பல ஊர்களில் அந்தக் கட்டடம் ஆட்சியாளருக்குச் சொந்தம், அல்லது பள்ளிவாசலுக்கோ கல்விக்கூடத்துக்கோ எழுதிவைத்த வக்ஃபு. ஆகவே வாடகை, வரி, தரம் பார்த்தல் எல்லாம் அந்த ஒரே வாசலில் நடந்தன. சந்தையில் சிதறிக் கிடக்கும் நூறு பட்டு வியாபாரிகளிடம் வரி வாங்குவது கஷ்டம். ஒரே கதவுக்குள் இருந்தால் சுலபம். வியாபாரிக்குப் பாதுகாப்பு, அரசனுக்கு வரி. பூட்டு இரண்டு பக்கமும் வேலை செய்தது.

ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் இதைப் பார்க்கலாம். நஸ்ரி சுல்தான்கள் காலத்தில் பட்டு விற்ற கைசரிய்யா, ஸ்பானிய நாவில் 'அல்கைசெரியா' ஆயிற்று. 1492-இல் நகரம் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போனது. பட்டு வியாபாரமும் வாசல்களும் காவலும் வரியும் தொடர்ந்தன, பெயரும் தொடர்ந்தது. 1843-இல் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், ஆனால் பழையதைவிடச் சிறிதாக. இன்று சுற்றுலாப் பயணிகள் நினைவுப்பொருள் வாங்கும் சந்துகள். ஈரானின் இஸ்ஃபஹானில் ஷா அப்பாஸ் கட்டிய மாபெரும் சதுக்கத்தின் வடக்கு வாசலுக்கும் கைசரிய்யா என்றே பெயர். சவூதியின் ஹுஃபூஃபில் இருந்த கைசரிய்யா 2001-இல் எரிந்து மீண்டும் கட்டப்பட்டது. காசா நகரின் பழைய தங்கக் கடைத்தெருவுக்கும் கைசரிய்யா என்றுதான் பெயர். அதை ஒட்டியிருந்த பெரிய உமரிப் பள்ளிவாசல் 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் இடிந்தது.

துருக்கியர் இதே வேலைக்கு வேறு பெயர் வைத்தார்கள். துணி வியாபாரி அரபியில் 'பஸ்ஸாஸ்'. அதோடு பாரசீகத்தின் 'ஸ்தான்' சேர்ந்து 'பஸ்ஸாஸிஸ்தான்', தேய்ந்து 'பெதஸ்தான்'. இஸ்தான்புல்லைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத், 1450-களின் நடுவில் அங்கே ஒரு பெதஸ்தான் கட்டத் தொடங்கினார். அதன் வாடகை ஹாகியா சோஃபியாவின் பராமரிப்புக்கு. கல் சுவர், இரும்புக் கதவு. நகரத்துப் பணக்காரர்கள் தங்கள் நகையையும் பத்திரத்தையும் அங்கே ஒப்படைத்து வைத்தார்கள்; இன்றைய வங்கி லாக்கர் மாதிரி. அந்தக் கல் கட்டடத்தைச் சுற்றித்தான் கடைகள் வளர்ந்து வளர்ந்து இன்றைய நாலாயிரம் கடை கொண்ட மூடிய சந்தை ஆயிற்று. எல்லோரும் படம் எடுப்பது சுற்றியுள்ள வண்ண விளக்குக் கடைகளை. மூலமான பெட்டகம் நடுவில் இருக்கிறது.

இதுவரை உள்ளூர்க்காரன் சரக்கைப் பற்றிச் சொன்னேன். வெளியூர்க்காரன் வந்தால்?

அதற்கு ஃபுந்துக். இன்றைய அரபியில் ஃபுந்துக் என்றால் ஓட்டல். துபாயில் இருப்பவர்கள் பலகையில் பார்த்திருப்பீர்கள். மூலச்சொல் கிரேக்கத்தின் 'பாந்தோகெயோன்', எல்லோரையும் ஏற்கும் இடம். பைபிளில் நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்குக் கிரேக்க மூலத்தில் இதே சொல்தான். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

எல்லோரையும் ஏற்கும் இடம் என்று பெயர் இருந்தாலும், காலப்போக்கில் அது இன்னாருக்கு இன்னது என்று பிரிந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் வெனிஸ்காரருக்கு ஒரு ஃபுந்துக், ஜெனோவாக்காரருக்கு வேறு. நடுவில் முற்றம், கீழே சரக்கறைகள், மேலே தங்கும் அறைகள். உள்ளே அவர்களுக்கென்று ரொட்டி அடுப்பு உண்டு, வழிபாட்டுக்கு இடம் உண்டு, ஒப்பந்தப்படி மதுவும் உண்டு. ஆனால் இரவானால் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் பூட்டு. சாவி உள்ளே இருப்பவர் கையில் இல்லை, நகரத்து அதிகாரி கையில். இது விருந்தோம்பலா, சிறையா? இரண்டும்தான் என்பேன். பாஷை தெரியாத ஊரில் ஆயிரக்கணக்கான பொற்காசுச் சரக்கோடு தூங்குகிறவனுக்கு அந்தப் பூட்டு தேவைப்பட்டது. அவன் இரவில் ஊருக்குள் திரியாமல் இருப்பது ஊருக்குத் தேவைப்பட்டது.

வெனிஸ்காரர்கள் ஊருக்குத் திரும்பியபோது சொல்லையும் ஏற்பாட்டையும் எடுத்துப்போய்விட்டார்கள். தங்கள் நகரத்துக்கு வரும் ஜெர்மன் வியாபாரிகளுக்காக 13ஆம் நூற்றாண்டில் ஒரு 'ஃபோந்தாகோ' ஏற்படுத்தி, அங்கேதான் தங்க வேண்டும், அங்கேதான் விற்க வேண்டும் என்று விதித்தார்கள். 1621-இல் துருக்கிய வியாபாரிகளுக்கும் ஒன்று. இரவில் அதன் கதவையும் பூட்டினார்கள். அலெக்சாந்திரியாவில் பூட்டப்பட்டவர்கள் வெனிஸில் பூட்டினார்கள். கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே ஃபுந்துக் ஸ்பெயினில் 'அல்ஹொந்திகா' ஆகி, தானியக் கிடங்கைக் குறித்தது. ஸ்பானியர் அதை அட்லாண்டிக் தாண்டி மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குவானகுவாத்தோ நகரத்தில் 'அல்ஹொந்திகா தெ கிரனாதீத்தாஸ்' என்ற பெரிய தானியக் கிடங்கு. 1810 செப்டம்பர் 28 அன்று மெக்சிகோ விடுதலைப் போரின் முதல் பெரிய தாக்குதல் அதன் மேல்தான் நடந்தது. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த ஸ்பானியரை, கதவுக்குத் தீ வைத்துப் புரட்சிப்படை வென்றது. கிரேக்கச் சத்திரம், அரபு விடுதி, ஸ்பானியக் கிடங்கு, கடைசியில் மெக்சிகோவின் விடுதலை. ஒரு சொல் நடந்த தூரத்தைப் பாருங்கள்.

ஸ்பெயினைப் பற்றிப் பேசும்போது தொலேதோவை விடமுடியாது. அந்நகரின் நடுச் சதுக்கத்துக்கு 'சொகொதொவேர்' என்று பெயர். 'சூக் அத்தவாப்', கால்நடைச் சந்தை. 1085-லேயே முஸ்லிம் ஆட்சி முடிந்த நகரம் அது. இன்று அங்கே கழுதையும் இல்லை, குதிரையும் இல்லை; காப்பிக் கடை மேசைகள்தான். ஆனால் பெயரில் மாட்டுச்சந்தை.

கான் என்பது பாரசீகச் சொல். சாலையோரத்தில் இருந்தால் ஒட்டகக் கூட்டம் தங்கும் சத்திரம். நகரத்துக்குள் இருந்தால் மொத்த வியாபாரக் கட்டடம். கெய்ரோவின் 'கான் அல் கலீலி' எல்லோரும் கேள்விப்பட்டது. 1382 வாக்கில் சுல்தான் பர்கூக்கின் குதிரைலாயத் தலைவர் ஜஹார்கஸ் அல் கலீலி, பழைய ஃபாத்திமிய அரச கல்லறைகளை அகற்றிவிட்டு அந்த நிலத்தில் கட்டினார். இன்று அந்த வட்டாரம் முழுக்கவே கான் அல் கலீலி என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு கட்டடத்தின் பெயர் ஊரையே விழுங்கிவிட்டது.

கெய்ரோவில் கானுக்குப் பக்கத்துச் சொந்தம் 'வகாலா'. இது நமக்கும் சொந்தம். 'வகீல்' என்றால் ஒருவருக்காக நின்று பொறுப்பேற்பவர், பிரதிநிதி. அதே சொல்தான் தமிழில் வக்கீல்! 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கெய்ரோவில் 'வகீல் அத்துஜ்ஜார்', அதாவது வணிகரின் பிரதிநிதி என்று ஒருவர் இருப்பார். தூர தேசத்து வியாபாரியின் சரக்கை வாங்கித் தன் கிடங்கில் வைத்து, விற்று, கணக்கு ஒப்படைத்து, தகராறு வந்தால் அவருக்காக வாதாடவும் செய்வார். அவர் இடம் வகாலா. கைசரிய்யாவின் சாவி காவலாளியிடம், ஃபுந்துக்கின் சாவி அதிகாரியிடம், வகாலாவின் சாவி நம்பிக்கைக்குரிய ஒரு மனிதரிடம்.

கெய்ரோவில் இன்றும் நிற்கும் அழகான வகாலா, சுல்தான் அல் கூரி 1504-05-இல் கட்டியது. ஐந்து அடுக்கு, நடுவில் முற்றம். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கேரளக் கரையின் மிளகு ஏடன் வழியாகச் செங்கடல் ஏறிக் கெய்ரோவுக்கு வந்து, அங்கிருந்து வெனிஸுக்குப் போகும். அந்த மிளகில்தான் எகிப்தின் கஜானா நின்றது. ஆனால் 1498-லேயே வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். மிளகு ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பனுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. சுல்தான் கப்பற்படை அனுப்பினார். 1509-இல் குஜராத்தின் தியூவில் அது தோற்றது. 1516-இல் உதுமானியரோடு நடந்த போரில் சுல்தானும் இறந்தார். அடுத்த ஆண்டு எகிப்தே போயிற்று. மிளகு வழி மாறத் தொடங்கிய நேரத்தில் எழுப்பிய கட்டடம் என்று தெரிந்தபின், அந்தச் சுவரைப் படத்தில் பார்த்தாலும் மனம் ஒருமாதிரி ஆகிவிடுகிறது.

பூட்டும் சாவியும் திருடனுக்குத்தான். தராசில் ஏமாற்றுகிறவனுக்கு? அதற்கு 'முஹ்தஸிப்' என்ற சந்தை மேற்பார்வையாளர் இருந்தார். எடைக்கல், அளவுப்படி, தரம், தெருவின் சுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரி இவர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். தொழில் தொழிலாக விதிகள். ரொட்டி மாவு பிசைகிறவர் காலாலோ முழங்காலாலோ பிசையக் கூடாது. வியர்வை மாவில் விழாதபடி நெற்றியில் துணி கட்ட வேண்டும். பகலில் பிசைந்தால் பக்கத்தில் ஒருவர் ஈ ஓட்ட வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம்! நம் தெருமுனை பரோட்டாக் கடைக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கலீஃபா உமர் காலத்தில் அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற எழுத்தறிந்த பெண்மணிக்கு மதீனாச் சந்தையின் பொறுப்பு தரப்பட்டது என்று ஒரு மரபுச் செய்தி இருக்கிறது. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு செய்தியை எழுதி வைத்து, இத்தனை நூற்றாண்டு சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தராசு என்று சொன்னேன். அதுவும் பாரசீகத்து 'தராஸூ'தான். காசு மாற்றுபவர் அரபியில் 'ஸர்ராஃப்'. உஸ்பெகிஸ்தானின் புகாராவில் 16ஆம் நூற்றாண்டுக் குவிமாடச் சந்தை ஒன்றுக்கு அவர்கள் பெயர்தான். தமிழில் சராபு என்று வந்து, பழைய பேங்குகளில் ஷராப் என்று உட்கார்ந்திருந்தார். கிடங்குக்கு அரபியில் 'மக்ஸன்'. ஐரோப்பா சுற்றி மேகசின் ஆகி இப்போது மேசைமேல் கிடக்கிறது.

இத்தனை பெயரையும் ஏன் இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறேன் என்றால், சிரியாவின் அலெப்போவுக்காக.

அலெப்போவின் பழைய நகரம் 1986-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது. அதன் நடுவே கூரையிட்ட சந்தைத் தெருக்கள்; எல்லாம் சேர்த்து அளந்தால் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் நான் இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் உண்டு. அத்தாரீன் சூக், கயிறு விற்கும் 'சூக் அல் ஹிபால்', சோப்புக்குப் பெயர்போன ஊராகையால் 'கான் அஸ்ஸாபூன்', சுங்கம் வாங்கிய 'கான் அல் ஜும்ருக்'. இந்தக் கடைசிக் கான் 1574-இல் கட்டியது. ஆங்கில, பிரெஞ்சு, டச்சு வியாபாரிகள் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். ஷேக்ஸ்பியர் தன் மேக்பெத் நாடகத்தில் அலெப்போவுக்குப் போன ஒரு மாலுமியைக் குறிப்பிடும் அளவுக்கு அந்த ஊர் லண்டனில் தெரிந்திருந்தது.

2012 செப்டம்பர் கடைசியில், உள்நாட்டுப் போரின் நடுவே, அங்கே தீப்பிடித்தது. கடைகளின் மரக்கதவுகளும் உள்ளே இருந்த துணிகளும் தீயைத் தெருத் தெருவாகக் கடத்தின. 700 முதல் 1000 கடைகள் வரை எரிந்ததாக அன்று செய்தி வந்தது. உலகத்துப் பத்திரிகைகள் 'அலெப்போ பஜார் எரிந்தது' என்று எழுதின. ஒரே சொல். எரிந்ததோ அத்தாரீன் தனி, கயிற்றுத் தெரு தனி, துணித் தெரு தனி.

இது வெறும் சொல் தகராறு இல்லை. அந்தக் கடைகளில் பல வக்ஃபு சொத்து. வக்ஃபுப் பத்திரங்களில் கடையை அடையாளம் சொல்வது நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதுபோலத்தான்: இன்ன சூக்கில், இன்ன கானுக்கு வடக்கே, இன்னார் கடைக்கு மேற்கே. ஊரைவிட்டு ஓடிப் பல ஆண்டு கழித்துத் திரும்பும் ஒருவர், இடிபாட்டில் நின்று "இதுதான் என் தகப்பனார் கடை" என்று காட்ட வேண்டுமானால், கட்டடம் இல்லாத இடத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே 'பாரம்பரிய பஜார்' என்று பலகை மாட்டிவிட்டால், பார்க்க அழகாகத்தான் இருக்கும். வடக்கே மேற்கே என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

நல்லவேளையாக, திருத்தும் வேலை அங்கே தெருத் தெருவாகப் பழைய பெயரிலேயே நடந்து வருகிறது. முதலில் எழுந்தவற்றில் ஒன்று 'சூக் அஸ்ஸகத்திய்யா'. இறைச்சியும் பருப்பு வகைகளும் இனிப்பும் விற்கும் உணவுத் தெரு அது. ஆகா கான் அறக்கட்டளை சீர்படுத்தி 2019-இல் அதன் 53 கடைகள் தயாராயின. பிறகு வேறு சில தெருக்களும் திறந்தன. 2023 பிப்ரவரி நிலநடுக்கம் பழைய நகரத்தை மறுபடி உலுக்கியது. இன்னும் பல தெருக்கள் கூரை இல்லாமல் கிடக்கின்றன.